ஏழாம் துண்டுக்குத் தண்ணீர் விட்டவர்

தம்பி,

உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கிறது. இந்த நேரத்தில் ஒரு தகப்பன் மகனுக்கு எழுத வேண்டியது மண்டபத்துக்கு எத்தனை கதிரை, மாப்பிள்ளைத் தோழன் ஆர், தலைப்பாகை கட்டுகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து எந்த பஸ்ஸில் வந்திறங்குகிறார் என்பதைத்தான். அதையெல்லாம் உன் அம்மா ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் தொலைபேசியில் உனக்கு ஒப்புவிக்கிறா. எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு விஷயம். அதை உன் காதுக்குள் சொல்லாமல் நாலு பேர் வாசிக்கிற பத்திரிகையில் ஏன் எழுதுகிறீர்கள் என்று நீ சினப்பாய். நான் சொன்ன பொய் நாலு பேர் கேட்ட பொய், ராசா. கேட்டு அழுதவர்கள் கொழும்பிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். பொய்யை ஊருக்குச் சொல்லிவிட்டு உண்மையை மகனுக்கு மட்டும் சொன்னால் அது இன்னொரு கள்ளத்தனம். பொறுமையாக வாசி. எனக்கு நேர்வழியில் கதை சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். மாங்குளத்துக்குப் போகச் சொன்னால் வவுனியாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருகிற ஆள் நான்.

நான் வேலை செய்கிற பல்கலைக்கழக வளாக நூலகத்தில் விஞ்ஞானப் பகுதிக்குப் புது வளங்கள் வந்திருக்கின்றன. இதுவரைக்கும் எங்களிடம் இருந்த விஞ்ஞானம் கறையான் தின்றதுபோக மிச்சமிருந்த விஞ்ஞானம்தான். இப்போது ஆறு கொம்பியூட்டர், சுவரை மூடுகிற ஒரு திரை, வெளிநாட்டு ஆய்விதழ்கள், பறவைகள் கத்துகிற சத்தமெல்லாம் சேர்த்துவைத்த ஒரு களஞ்சியம், அதோடு ஒரு சற்றலைட் படக் களஞ்சியம். திறப்பு விழாவில் நாடாவைக் கத்தரிக்கோல் வெட்டாமல் மென்றது. பிரதம விருந்தினர் கடைசியில் கையால் பிய்த்தார். பறவைச் சத்தத்தை ஒரு பெடியன் போட்டுக் காட்டினான். திரையில் ஓர் ஆந்தை கத்தியது. பகல் பதினொரு மணிக்கு, வெளியே தேக்கங்காட்டுக்குள்ளிருந்து இன்னொன்று பதில் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இல்லாத ஒன்று கூப்பிட, இருக்கிற ஒன்று நம்பிப் பதில் சொல்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

நூலகத்துக்குப் பொறுப்பான பெரிய மிஸ் என்னைச் சற்றலைட் மேசையில் உட்கார்த்திவிட்டா. "அண்ணை, உங்களுக்குத்தான் கதைக்க விருப்பம். வாறவைக்கு இதை விளங்கப்படுத்துங்கோ. புத்தகம் அடுக்க வேற ஆளைப் பாக்கிறன்" என்றா. அது பாராட்டா தண்டனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை லேசு. ஊரின் பெயரை அடித்தால் அந்த ஊர் வானத்திலிருந்து தெரியும். கீழே ஒரு கோடு ஓடும். அதில் ஒரு புள்ளியைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தால் வருசங்கள் பின்னுக்குப் போகும். வீடுகள் கழலும், காடு திரும்பி வரும், குளம் நிரம்பி வற்றும்.

ஆராய்ச்சிக்கென்று வாங்கின சாமானை எங்கள் சனம் எதற்குப் பாவித்தது தெரியுமா? வேலிக்கு. எங்கள் காவலாளி தன் வளவை இழுத்துப் பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரரின் வேலி பதினைந்து வருசமாக மெல்ல மெல்ல நடந்து தன் மாமரத்தைத் தாண்டி வந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த கிழமை ஊரிலுள்ள வேலிச் சண்டைக்காரர் எல்லாரும் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு விஞ்ஞானப் பகுதியில் வரிசையில் நின்றார்கள். பெரிய மிஸ் 'எல்லைப் பிரச்சினைகள் இங்கே பார்க்கப்படமாட்டா' என்று அறிவித்தல் ஒட்டினா. அதற்குக் கீழே யாரோ பென்சிலால் 'பிறகென்ன விஞ்ஞானம்?' என்று எழுதினார்கள். அது நான்தான். இதையும் இன்றைக்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைக் காவலாளி கவனித்திருந்தார். "அண்ணை, ஊரிலை உள்ள எல்லாற்றை காணியையும் இழுத்துப் பாத்திட்டியள். உங்கட ஒட்டுசுட்டான் காணியை மட்டும் ஒருக்காலும் எடுக்கேல்லையே?" என்று கேட்டார். "அங்க என்ன கிடக்கு, பற்றைதானே" என்றேன். உனக்கும் இப்படித்தானே சொல்லி வந்திருக்கிறேன். சண்டை முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நாங்கள் கிளிநொச்சியில் இருந்துவிட்டோம். அந்தக் காணிக்கு ஏன் போவதில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் முதலில் கண்ணிவெடி என்றேன், பிறகு யானை என்றேன். இரண்டும் அங்கே இருந்தவைதான். நான் போகாத காரணம் அவை இல்லை.

தவம் சித்தப்பாவை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. நாங்கள் இடம்பெயர்ந்தபோது உனக்கு ஒன்பது வயது. அவன் என்னை விட ஆறு வயது இளையவன். கலியாணம் கட்டாதவன். அந்தக் காணியின் வாழையும் மிளகாயும் அவன் கையால் வந்தவை. அவனிடம் ஒரு குறை: பகிடி விளங்காது, சிரிக்கச் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்வான். எனக்கோ பகிடி விடாமல் வாய் சும்மா கிடக்காது. இப்படி இரண்டு பேரை ஒரே வயிற்றில் பிறப்பித்தது ஆருடைய பகிடியோ. ஒருமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது எங்கள் எல்லாருடைய செருப்பையும் அவனிடம் கொடுத்து, "அம்மாளாச்சியே வந்து கேட்டாலும் இதைவிட்டு அசையாதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சனத்துக்குள் ஆளை ஆள் தவறவிட்டு, நாங்கள் வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அவன் எப்படியும் பின்னால் வருவான் என்று நினைத்தேன். அடுத்த நாள் பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் அதே இடத்தில், அதே ஏழு சோடிக்குப் பக்கத்தில் இருக்கிறான். கோபமில்லை. "அண்ணை, ஒண்டும் துலையேல்லை" என்றான். இந்தக் கதையை நான் எத்தனை சபையில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்!

சரி, நூலகத்துக்கு வாறேன். விவசாயப் பிரிவில் புதிதாக வந்த ஒரு விரிவுரையாளர் பிள்ளை இருக்கிறா, கெட்டிக்காரி, மரியாதையானவ. முப்பது மாணவர்களோடு ஒரு வகுப்பைச் சற்றலைட் மேசைக்குக் கூட்டிவந்தா. படங்களுக்கு இன்னொரு நிறம் இருக்கிறதாம். அதில் போட்டால் உயிரோடிருக்கிற பச்சையெல்லாம் சிவப்பாகத் தெரியும், காய்ந்தது சாம்பலாகத் தெரியும். "எந்த ஊரை எடுப்பம்?" என்று கேட்டுவிட்டு, எனக்கு மரியாதை செய்கிற நினைப்பில், "அண்ணையின்ர ஊரை எடுப்பம்" என்றா. நான் வாயைத் திறக்க முந்தியே ஒட்டுசுட்டான் றோட்டு சுவரில் விழுந்துவிட்டது. பிறகு புள்ளியைப் பிடித்து நாங்கள் இடம்பெயர்ந்த வருசத்துக்கு இழுத்தா. ஆடி மாதப் படம். சனமே இல்லாத பூமி. மழையில்லாத மாதங்களில் எல்லாம் காய்ந்து, திரை முழுக்க சுடலைச் சாம்பல் மாதிரிக் கிடந்தது. அதற்குள், எங்கள் காணி இருந்த இடத்தில், சின்னதாக ஒரு சிவப்பு.

"இதைப் பாருங்கோ பிள்ளையள்!" என்று அந்தப் பிள்ளை சந்தோசத்தில் கத்தினா. "சுத்திவர எல்லாம் காய்ஞ்சு போச்சு. இது மட்டும் உயிரோட இருக்கு. ஏன்?" முன்வரிசையில் ஒருத்தி, "தண்ணி விடுகினம் மிஸ்" என்றாள். "ஆக்கள் இல்லாத இடத்திலை ஆர் விடுறது?" என்று ஒருவன் கேட்டான். "பேய்!" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஏசி அறையில் என் சேட் முதுகோடு ஒட்டியது.

அதோடு முடிந்திருந்தால் நான் ஏதாவது சொல்லி என்னையே ஏமாற்றியிருப்பேன். அந்தப் பிள்ளை அதை மாணவர்கள் எழுதித் தரவேண்டிய ஒப்படையாகக் கொடுத்துவிட்டா. அந்தப் பகுதியைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து இலக்கம் போட்டார்கள். எங்கள் காணி ஏழாம் துண்டு. மூன்று கிழமையாக மாணவர்கள் வந்துவந்து அதை அளந்தார்கள். "ஏழாம் துண்டுக்காரர் இந்த மாதம் கொஞ்சம் களைச்சுப்போனார் போல" என்று ஒருவன் சொல்வான். "பாவம், வயசாளியாக்கும்" என்பாள் இன்னொருத்தி. 'அவனுக்கு முப்பத்தொன்பது வயது, பிள்ளை, முப்பத்தொன்பதுதான்' என்று சொல்ல வாய் உன்னும். நான் எழும்பிப்போய் அடுக்கின புத்தகத்தைத் திரும்ப அடுக்குவேன்.

ஒப்படைகள் என் மேசையில்தான் சேர்ந்தன. வாசிக்கக்கூடாது. வாசித்தேன். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இப்படி எழுதியிருந்தது: சித்திரையில் சிவப்பு ஒரு பரப்புக் காணி. ஆனியில் அதில் பாதி. ஆவணியில் ஒரு வீட்டின் அளவு, புரட்டாதியில் ஓர் அறையின் அளவு. பம்ப் இருந்திருந்தால் இப்படிக் குறையாது. விடப்பட்ட நீர் ஓர் ஆள் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளிச் சுமக்கக்கூடிய அளவை மீறவில்லை. முடிவு: நீர் விட்டவர் ஒருவர். அவருடைய பலம் குறைந்துகொண்டு வந்தது. ஆயினும் நிறுத்தவில்லை.

தம்பி, இதை உனக்கு எப்படிச் சொல்வது? நாங்கள் வெளிக்கிட்ட நாள் ஒரு தை மாதத்துக் காலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அயல்வீட்டுக்காரரின் ட்ரக்டர், பெட்டி நிரம்பச் சனமும் சாமானும். "இன்னும் ஒராள் ஏறினால் சில்லு புதையும்" என்று அவர் சொன்னார். றோட்டு மதகடியில் தவம் நின்றான். நான், "நீ நில்லடா, இவையளை இறக்கிப்போட்டுப் பின்னேரம் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். அவனுடைய முகம் ஒரு மாதிரியாகப் போனது. அதைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று நினைத்தேன். தலையிலிருந்து தண்ணி வழிய வழிய நிற்கிறவனைப் பார்த்து, "சும்மா நில்லாமல் நான் வாற மட்டும் வாழைக்குத் தண்ணியை விட்டுக்கொண்டிரு" என்றேன். பெட்டியில் இருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "ஓம் அண்ணை" என்றான்.

பின்னேரம் சைக்கிளில் வெளிக்கிட்டேன், அது உண்மை. அரைவழியில் ஷெல் சத்தம் கேட்டுத் திரும்பினேன், அதுவும் உண்மை. திரும்பி வந்தபோது உன் அம்மா நாங்கள் தங்கியிருந்த தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே வந்து, "தவம் எங்கை?" என்று கேட்டா. போகவில்லை என்று சொன்னால் திரும்பிப் போகச் சொல்லுவா. நான் மாட்டேனென்றால் தானே போயிருப்பா. அவவை எனக்குத் தெரியும். என் வாய் சொன்னது: "ஷெல் விழுந்திட்டுது. என்ர கண்ணாலை கண்டனான்." கதை சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு வசனத்தோடு நிற்காது. எந்தப் பக்கமாக விழுந்தான், கையில் என்ன வைத்திருந்தான், கடைசியாக என்ன சொன்னான் என்றெல்லாம் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். அவ்வளவு நன்றாகச் சொன்னேன், இரண்டு வருசம் கழித்து ஓர் உறவுக்காரர் தானும் அதைத் தூரத்திலிருந்து கண்டதாக எனக்கே விபரித்தார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு சடங்குகள் வந்தன. தறப்பாளுக்குக் கீழேயே எட்டுச் செலவு செய்து படைத்தோம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்தோம். தம்பிக்குத் தமையன் செய்யக்கூடாது என்று சிலர் சொல்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன் தலையை மழித்து, உன் சின்ன விரலில் தர்ப்பையைக் கட்டி, பிண்டத்தை உன் கையால் வைப்பித்தேன். என் பொய்யை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையால் மந்திரம் சொல்லிச் சுத்தமாக்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தையிலும் நீ விரதம் இருக்கிறாய். பிறகு நான் சத்தியக் கடதாசி கொடுத்து மரணச் சான்றிதழும் எடுத்தாயிற்று. ஆகவே, தம்பி, காணாமற்போனவர்களின் படங்களை எல்லாரும் தூக்கிக்கொண்டு றோட்டுக்கரையில் நின்றபோது அவனுடைய படத்தை ஒருவரும் தூக்கவில்லை. நான் அவனைச் சாக்காட்டியிருந்தேனே. அவனை ஒருவரும் தேடவில்லை.

மத்தியானங்களில் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு நான் அந்தத் திரைக்கு முன்னால் இருப்பேன். புள்ளியைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் இழுப்பேன். சிவப்புச் சுருங்கும், விரியும், சுருங்கும். நித்திரை கொள்கிற ஆளின் நெஞ்சு மாதிரி. கிட்டப் போகப்போக எல்லாம் சதுரமாக உடையும். மனிதன் அந்தச் சதுரத்தை விடச் சின்னவன். அவன் அதற்குள் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தெரியாது. அவன் விட்ட தண்ணீர் மட்டும் தெரியும்.

ஒரே ஒரு படம் மட்டும் மற்றவற்றை விடத் துல்லியமானது, ஆவணியில் எடுத்தது. அதில் கிணற்றடியிலிருந்து றோட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு போகிறது. நாங்கள் இருந்த காலத்துப் படத்தில் அந்தக் கோடு இல்லை; அப்போது எங்கள் பாதை மற்றப் பக்கம். அந்த விரிவுரையாளர் பிள்ளையிடம், "இதென்ன மிஸ்?" என்று சாதாரணமாகக் கேட்டேன். "யானை நடந்த தடமா இருக்கும் அண்ணை" என்றா. பக்கத்தில் நின்ற பெடியன் விசுவமடுக்காரன், யானையோடு வளர்ந்தவன். "இல்லை மிஸ். யானை எண்டால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போகும். இது றோட்டுக்கு வந்து நிண்டிட்டுது. மதகடி மட்டும் வந்து வந்து திரும்பிப் போன தடம். ஒராள் ஒவ்வொரு நாளும் நடந்தால்தான் இப்பிடி வெள்ளையாகும்." நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். அங்கே என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லமாட்டேன்.

ஐப்பசியில் மழை வந்தது. படத்தில் எல்லாமே சிவப்பாகிவிட்டது. அவனுடைய சிவப்பு எது, காட்டின் சிவப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருசம் வெய்யில் தொடங்கின படத்தில் ஏழாம் துண்டும் மற்றத் துண்டுகள் மாதிரிச் சாம்பல். கோடும் இல்லை. அந்த மழை மாதங்களுக்குள் அவன் செத்தானா, ஆரும் கூட்டிக்கொண்டு போனார்களா, என்னைத் தேடி நடந்து வெளிக்கிட்டானா என்று எந்தச் சற்றலைட்டுக்கும் தெரியாது.

முந்தநாள் உன் அம்மாவிடம் சொன்னேன். குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தி நின்றது. பிறகு, "அவன் அங்கை பசியோடை இருக்க, நாங்கள் இஞ்சை அவனுக்குப் படைச்சுப்போட்டு நாங்களே சாப்பிட்டமே" என்றா. அவ்வளவுதான். நேற்றும் இன்றும் எனக்குச் சோறு போடுகிறா. முகத்தைப் பார்த்துப் போடுகிறா இல்லை.

நேற்றுக் காணாமற்போனவர்களைப் பதிகிற கந்தோருக்குப் போனேன். மேசையில் இருந்த பிள்ளை படிவத்தை வைத்து, "கடைசியாக் கண்டது ஆர் ஐயா?" என்று கேட்டது. "நான்." "எப்ப?" மதகடியில் கண்டதைச் சொல்வதா, திரையில் கண்டதைச் சொல்வதா? எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டது. "ஐயா, மரணச் சான்றிதழ் இருக்கிற ஆளைக் காணேல்லை எண்டு பதியேலாது. முதல் அது பிழையெண்டு எழுதித் தரோணும். சத்தியம் பண்ணின நீங்களும், கிரியை செய்த மகனும் கையெழுத்து வைக்கோணும். பொய்ச் சத்தியத்துக்கு உங்களிலை வழக்கு வந்தாலும் வரும். யோசிச்சுச் செய்யுங்கோ."

யோசித்தேன். கலியாணம் முடியட்டும் என்று உன் பெரியமாமா சொல்கிறார். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், மாப்பிள்ளையின் தகப்பன் வழக்குக்காகக் கோட்டு வாசலில் நின்றால் மானம் என்னாகும் என்கிறார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிறகு பார்க்கலாம் என்கிற சொல்லில் பயம் பிடித்துவிட்டது. நீ கட்டப்போகிற பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. தாலி ஏறுவதற்கு முந்தி அவவுக்கும் அவவின் வீட்டாருக்கும் தெரியவேண்டும். அவையள் வேண்டாமென்றால் அந்தப் பழியும் என்னுடையது. நீ அந்தப் பிள்ளையோடு வாழ்கிற காலத்தில் எவ்வளவும் பகிடி விடு. ஆனால் பயந்து நிற்கிற ஆளுக்கு முன்னால் விடாதே. அந்த நேரம் நாங்கள் விடுகிற பகிடி எங்களுடைய பயத்தை மறைக்கத்தான் உதவும். கேட்கிறவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்தத் தையில் நீ விரதம் இருக்க வேண்டாம். பிண்டம் வைக்க வேண்டாம். உயிரோடிருந்த ஆளுக்கு வைத்ததெல்லாம் எங்கே போயிருக்கும் என்று ஐயரிடம் கேட்டேன். அவர் தட்சணை வாங்காமல் எழும்பிப் போனார்.

படிவத்தில் என் பெயரை எழுதி, என் கையெழுத்தை வைத்துவிட்டேன். அதற்குக் கீழே உனக்கான இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கையெழுத்து வைக்கிறதும் விடுகிறதும் உன் விருப்பம். வைத்தால் உன் தகப்பன் பொய்யன் என்று அரசாங்கக் கடதாசியில் இருக்கும், உன் சித்தப்பாவை ஆராவது தேடுவார்கள். வைக்காவிட்டால் அவன் செத்தவன்தான். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கந்தோர் வாசல் வாங்கிலில் உட்கார்ந்திருப்பேன். அண்டைக்கு வராவிட்டால் செவ்வாய்க்கிழமையும் இருப்பேன். பெரிய மிஸ்ஸிடம் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. எவ்வளவு நாளைக்கு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரே ஒரு மன்றாட்டம், தம்பி. வாறன் என்று மட்டும் எனக்குச் சொல்லியனுப்பாதே. வாறதென்றால் வா.

அப்பா